ஓசூருக்கு மெட்ரோ வருது, ஏர்போர்ட் வருது... மனை வாங்கலாமா? முதல்ல அரசு போடற கணக்கைப் படிங்க



ஓசூர் பக்கம் சமீபத்துல போயிருந்தீங்கன்னா இதைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. பாகலூர் ரோடு, பேரிகை ரோடு, சூளகிரி வரைக்கும் ரெண்டு பக்கமும் பிளக்ஸ் போர்டுகள். "மெட்ரோ 10 நிமிடத்தில்", "ஏர்போர்ட் 15 நிமிடத்தில்", "இன்று வாங்குங்கள், நாளை இரட்டிப்பு". மெட்ரோவும் இன்னும் வரல, ஏர்போர்ட்டும் இன்னும் வரல. ஆனா நிமிஷக் கணக்கு மட்டும் வந்துடுச்சு!

சேனலைப் பார்க்கிறவங்க அதிகமா கேட்கிற கேள்விகள்ல இதுவும் ஒண்ணு: "கையில 20 லட்சம் இருக்கு, ஓசூர்ல ஒரு மனை வாங்கிப் போடலாமா?" கேட்கிறவங்க யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் சிப்காட்டுல ஷிப்டுக்குப் போறவங்க, எலக்ட்ரானிக் சிட்டியில வேலை பார்க்கிறவங்க, கிருஷ்ணகிரி, தருமபுரியில பூர்வீக நிலத்தை வித்த பணத்தை வெச்சிருக்கிறவங்க. அந்த 20 லட்சம் அவங்களுக்கு விளையாட்டுப் பணம் இல்லை. பொண்ணு கல்யாணம், பையன் படிப்பு, வயசான காலத்து மருத்துவச் செலவு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

"வாங்குங்க" அல்லது "வாங்காதீங்க"ன்னு ஒரு வரியில சொல்லிட்டுப் போயிடலாம். ஆனா அது உங்களுக்கு ஒரு தடவைதான் உதவும். ஒரு சாலையோ, மெட்ரோவோ, விமான நிலையமோ கட்டலாமா வேண்டாமான்னு அரசு எப்படி முடிவு பண்ணுது? அதுக்குப் பின்னாடி "பொருளாதாரத் தாக்க ஆய்வு"ன்னு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிஞ்சா, எந்த போர்டு உண்மை, எந்த போர்டு ஆசைன்னு நீங்களே பிரிச்சுப் பார்க்கலாம். வாங்க, ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

முதல்ல ஒரு பழைய கதை

கிருஷ்ணகிரி ஊருக்கு ரயில் இல்லைங்கறது எல்லோருக்கும் தெரியும். மாவட்டத்துல ஓசூர், ராயக்கோட்டை, சாமல்பட்டி வழியா ரயில் ஓடுது. 2004ல மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி ஊருக்குள்ள மட்டும் ஸ்டேஷன் கிடையாது.

ஆனா ஒரு காலத்துல அங்கேயும் ரயில் ஓடிச்சு! 1905ல திருப்பத்தூர்லேர்ந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குறுகிய பாதை. 1906ல மொரப்பூர்லேர்ந்து தருமபுரிக்கு இன்னொண்ணு. அது 1913ல ஓசூர் வரைக்கும் நீண்டது. இதெல்லாம் பஞ்ச நிவாரணப் பாதைகள். மழை பொய்த்தால் தானியம் வந்து சேரணும் என்பதுதான் அந்த ரயிலின் நோக்கம். டிக்கெட் விற்று லாபம் பார்க்க அது போடப்படல.

பிற்பாடு ரெண்டு பாதையும் மூடப்பட்டது. தருமபுரி, ஓசூர் வழியா சேலம்–பெங்களூரு ரயில் வர 1960களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரி இன்னமும் காத்துக்கிட்டு இருக்கு. மொரப்பூர்–தருமபுரி இணைப்பை மறுபடியும் போட 2019ல அடிக்கல் நாட்டினாங்க. அடிக்கல்லுக்கும் ஓடற ரயிலுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் இருக்குன்னு அந்த ஊர்க்காரங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

இந்தக் கதையில ரெண்டு பாடம் இருக்கு. ஒரு பாதையோட உண்மையான பயன் டிக்கெட் கவுண்டர் கணக்குல தெரியாது, இது முதல் பாடம். அறிவிச்சது, ஆரம்பிச்சது, ஏன் ஓடினதுகூட நின்னு போகலாம், இது ரெண்டாவது.

ரெண்டு கணக்குப் புத்தகம்

எந்தப் பெரிய போக்குவரத்துத் திட்டத்துக்கும் ரெண்டு கணக்கு போடுவாங்க.

முதலாவது நிதிக் கணக்கு. இவ்வளவு செலவு பண்ணினோம், டிக்கெட், விளம்பரம், கடை வாடகைன்னு இவ்வளவு வந்தது. நம்ம முதலீட்டுக்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் கிடைச்சது? உங்க மளிகைக் கடைக்கு நீங்க போடற அதே கணக்குதான்.

இரண்டாவது பொருளாதாரக் கணக்கு. இதுல திட்டத்தை நடத்துற நிறுவனத்தோட பாக்கெட்டை மட்டும் பார்க்க மாட்டாங்க. மொத்த சமூகத்தோட பாக்கெட்டையும் பார்ப்பாங்க. பயணிகளுக்கு மிச்சமாகற நேரம், மிச்சமாகற பெட்ரோல், குறையற விபத்து, குறையற புகை, எல்லாத்துக்கும் ரூபாய் மதிப்பு போட்டு வரவுப் பக்கத்துல எழுதுவாங்க.

இதுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படற உதாரணம் லண்டனோட விக்டோரியா பாதை. ஃபாஸ்டர், பீஸ்லி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1963ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. டிக்கெட் கணக்குல அந்தப் பாதை நஷ்டம். ஆனா சாலையில நெரிசல் குறையறது, மக்களுக்கு நேரம் மிச்சமாகறது எல்லாத்தையும் சேர்த்தா லாபம்னு காட்டினாங்க. 1968லேர்ந்து அந்தப் பாதை கட்டம் கட்டமா திறக்கப்பட்டது. போக்குவரத்துத் திட்டங்களை எடைபோடற முறையில அந்த ஆய்வு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது.

இந்தியாவுக்கு அந்த மாற்றம் 2017ல மெட்ரோ ரயில் கொள்கையா வந்தது. அதுவரைக்கும் மெட்ரோவுக்கு அனுமதி வேணும்னா நிதி வருமான விகிதம் 8% காட்டணும். 2017க்கு அப்புறம் பொருளாதார வருமான விகிதம் 14% காட்டணும். அதாவது, சமூகத்துக்குக் கிடைக்கிற மொத்தப் பயனையும் சேர்த்துப் பார்த்தா, போட்ட பணத்துக்கு வருஷம் 14% கூட்டு வட்டி கிடைச்ச மாதிரி இருக்கணும்.

14% சின்ன எண் இல்லைங்க. அந்த விகிதத்துல பார்த்தா, 10 வருஷம் கழிச்சு வரப்போற 100 ரூபாயோட இன்றைய மதிப்பு சுமார் 27 ரூபாய். 20 வருஷம் கழிச்சு வரப்போற 100 ரூபாய்க்கு இன்னிக்கு 7 ரூபாய்தான் மதிப்பு! ஒரு திட்டம் தள்ளிப் போகப் போக, அதோட கணக்கு ஏன் தேயுதுன்னு இப்பப் புரியுதா? உங்க மனைக்கும் இதே கணக்குதான். அதுக்கு அப்புறம் வரேன்.

கணக்கை எந்த எல்லைக்குள்ள போடறோம்?

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வருவோம். பெங்களூரு மெட்ரோவோட மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோடுலேர்ந்து பொம்மசந்திரா வரைக்கும் 19.15 கி.மீ., 16 நிலையங்களோட 2025 ஆகஸ்ட் 10 அன்னிக்குத் திறக்கப்பட்டது. சில்க் போர்டையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் தாண்டி அது பொம்மசந்திரா வரைக்கும் வந்துடுச்சு. அங்கேர்ந்து சந்தாபுரா, அத்திப்பள்ளி தாண்டினா ஓசூர்.

பொம்மசந்திரா–ஓசூர் பாதைக்குச் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் சாத்தியக்கூறு ஆய்வு செஞ்சது. மொத்தம் சுமார் 20.5 கி.மீ. அதுல சுமார் 11.7 கி.மீ. கர்நாடகத்துல, 8.8 கி.மீ. தமிழ்நாட்டுல. பாதியை விட அதிகமான தூரம் பக்கத்து மாநிலத்துல இருக்கு, கேட்கிறது நாம. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது.

கர்நாடகத்துல இதுக்கு எதிர்ப்பு கிளம்புச்சு. கன்னட அமைப்புகள் சொன்ன முக்கியமான காரணம்: மெட்ரோ போட்டா தொழிற்சாலையும் வேலையும் ஓசூருக்குப் போயிடும், பெங்களூருல சம்பளம் வாங்கறவங்க ஓசூர்ல வீடு கட்டிக்குவாங்க, வரியும் வாடகையும் தமிழ்நாட்டுக்குப் போகும்.

இதை மொழி அரசியல்னு ஒதுக்கிடாதீங்க. இதுக்குள்ள ஒரு நேர்மையான பொருளாதாரக் கேள்வி இருக்கு. ஒரு கம்பெனி ஆனேக்கல்லேர்ந்து ஓசூருக்கு மாறுதுன்னு வைங்க, 500 வேலையோட.

- தமிழ்நாட்டுக் கணக்குல: +500 வேலை.
- கர்நாடகக் கணக்குல: −500 வேலை.
- இந்தியக் கணக்குல: 0.

ஒரே நிகழ்வுக்கு மூணு விடை! மூணுமே அதனதன் எல்லைக்குள்ள சரி. இதைத்தான் இடமாற்றம்னு சொல்றாங்க; புதுசா உருவான வளர்ச்சி வேற, பக்கத்து வீட்டுலேர்ந்து நகர்ந்து வந்த வளர்ச்சி வேற. மத்திய அரசுகிட்ட பணம் கேட்கிற திட்டத்துல இடமாற்றத்தை லாபமா காட்ட முடியாது. நகராமலே கிடைக்கிற பயன் என்னன்னு காட்டணும்: நேரம், எரிபொருள், விபத்து, ரெண்டு ஊர் ஆட்களும் தங்களுக்குப் பொருத்தமான வேலையைத் தேட முடியறது. அதனால எந்த "தாக்க ஆய்வு" எண்ணைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவா இருக்கட்டும்: இந்தக் கணக்கோட எல்லை எது?

ஓசூர் எப்படி வளர்ந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க. 1970கள்ல சிப்காட் இங்கே தொழிற்பேட்டை போட்டப்ப, பெங்களூருக்குப் பக்கத்துல, ஆனா தமிழ்நாட்டுச் சலுகையோட இடம் கிடைக்கும் என்பதுதான் ஈர்ப்பு. அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மோட்டார், டைட்டன்னு வரிசையா வந்தாங்க. இப்ப போச்சம்பள்ளி பக்கம் ஓலாவோட ஸ்கூட்டர் ஆலை, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், ஏதர். எல்லைக்கோடு பக்கத்துல இருக்கிறதுதான் இந்த ஊரோட பலம். மெட்ரோ விஷயத்துல அதே கோடுதான் தடையும்.

ஒரு வண்டி மாறினா கணக்கு எவ்வளவு மாறும்?

எதிர்ப்பு மட்டும் இல்லை, தொழில்நுட்பச் சிக்கலும் இருக்கு. மஞ்சள் பாதை 750 வோல்ட் நேர் மின்சாரத்துல, தண்டவாளம் பக்கத்துல இருக்கிற மூணாவது தண்டவாளத்துலேர்ந்து மின்சாரம் எடுக்குது. சென்னை மெட்ரோ 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துல, தலைக்கு மேல போற கம்பியிலேர்ந்து எடுக்குது. ஓசூர் பாதைக்கும் சென்னை முறையையே யோசிச்சாங்க. ஒரு முறையில ஓடற வண்டி இன்னொண்ணுல அப்படியே ஓடாது. ரெண்டையும் இணைக்கிறது சாத்தியமில்லைன்னு பெங்களூரு மெட்ரோ நிறுவனம் கர்நாடக அரசுகிட்ட சொன்னதா 2025 கடைசியில செய்திகள் வந்தது.

"அதனால என்ன, பொம்மசந்திராவுல இறங்கி மாறிக்கலாமே!"ன்னு தோணுதா? மாறலாம். ஆனா கணக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க. கீழே இருக்கிற எண்கள் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட கற்பனை எண்கள், ஆய்வு எண்கள் இல்லை.

ஒரு நாளைக்கு 50,000 பயணங்கள். ஒவ்வொண்ணுலேயும் 30 நிமிஷம் மிச்சம். ஒரு மணி நேரத்துக்கு 100 ரூபாய் மதிப்பு. வருஷத்துக்கு 300 நாள்.

50,000 × அரை மணி × 100 ரூபாய் × 300 = வருஷத்துக்கு 75 கோடி ரூபாய் பயன்.

இப்ப பொம்மசந்திராவுல இறங்கி, படி ஏறி, அடுத்த வண்டிக்குக் காத்திருக்க 15 நிமிஷம் ஆகுதுன்னு வைங்க. மிச்சமாகறது 15 நிமிஷம்தான். பயன் 37.5 கோடியா, அப்படியே பாதியாயிடுச்சு! அதோட நிக்காது. 15 நிமிஷம்தான் மிச்சம்னா, "பைக்லேயே போயிடலாம்"னு கொஞ்சம் பேர் நினைப்பாங்க, 50,000ம் குறையும். ஆனா கட்டுமானச் செலவு குறையுமா? குறையாது.

பிளக்ஸ் போர்டுல "மெட்ரோ 10 நிமிடத்தில்"னு போடறவர் இந்த 15 நிமிஷத்தைப் போட மாட்டார். 14% தாண்டுமா தாண்டாதான்னு முடிவு பண்றது இந்த மாதிரி சின்ன விஷயங்கள்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பயணிகள் எண்ணிக்கையை முன்கூட்டியே மதிப்பிடறதுல உலகம் முழுக்க ஒரு பழக்கம்: கூட்டிச் சொல்றது. பென்ட் ஃப்ளூவ்பியர்க் குழு 2005ல வெளியிட்ட ஆய்வு, 14 நாடுகள்ல 210 போக்குவரத்துத் திட்டங்களைப் பார்த்தது. ரயில் திட்டங்கள்ல 10ல 9க்குப் பயணிகள் எண்ணிக்கை மிகையா மதிப்பிடப்பட்டிருந்தது. மதிப்பீடு பண்றவங்க எல்லோரும் பொய் சொல்றாங்கன்னு அர்த்தம் இல்லை. திட்டம் வரணும்னு ஆசைப்படறவங்களே கணக்கும் போட்டா, கை கொஞ்சம் தாராளமாயிடும், அவ்ளோதான்.

ஏர்போர்ட் கணக்கு: ஒரே பயணியை எத்தனை பேர் எண்றாங்க?

2024 ஜூன் 27 அன்னிக்கு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்துல அறிவிச்சார்: ஓசூர்ல 2,000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளற பன்னாட்டு விமான நிலையம்.

3 கோடிங்கறது எவ்வளவு பெரிய எண்? பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையம் மொத்தமா 2024–25ல கையாண்டது 4 கோடியே சொச்சம். அதுல தென் பெங்களூருலேர்ந்தும் ஓசூர்லேர்ந்தும் ஊரைக் குறுக்கா கடந்து தேவனஹள்ளிக்குப் போறவங்க கணிசமா இருக்காங்க. அவங்களுக்கு ஓசூர் பக்கம். ரோஜா, குடைமிளகாய் ஏற்றுமதி பண்றவங்களுக்கும், மின்னணு உதிரிபாகம் அனுப்பறவங்களுக்கும் பக்கம். தேவை இருக்குங்கறதுல எனக்குச் சந்தேகமில்லை.

ஆனா ரெண்டு முடிச்சு இருக்கு. முதல் முடிச்சு, 2004ல பெங்களூரு விமான நிலையத்துக்காக மத்திய அரசு போட்ட ஒப்பந்தம். அது திறந்து 25 வருஷம் ஆகும் வரை 150 கி.மீ. சுற்றளவுக்குள்ள போட்டியா புது விமான நிலையம் கூடாது. மைசூரு, ஹாசனுக்கு மட்டும் விலக்கு. அது திறந்தது 2008 மே. கூட்டிப் பாருங்க: 2033 மே. ஓசூர் அந்த வட்டத்துக்குள்ள தாராளமா வருது.

ரெண்டாவது முடிச்சு, கர்நாடகமும் பெங்களூருக்கு ரெண்டாவது விமான நிலையம் தேடுது. கனகபுரா ரோடு பக்கமும் நெலமங்கலா பக்கமும் பார்த்த இடங்களை இந்திய விமான நிலைய ஆணையக் குழு 2025ல வந்து ஆய்வு செஞ்சது. தென் பெங்களூரு பயணி ஒருத்தர்தான். அவரை ஓசூர் கணக்குலேயும் எழுதி, கனகபுரா கணக்குலேயும் எழுதினா, ரெண்டு விமான நிலையமும் லாபமாத்தான் தெரியும். நிஜத்துல அவர் ஒரு விமானத்துலதான் ஏறுவார்.

இதுக்கு நடுவுல 2,000 ஏக்கர்ல இப்ப பயிர் பண்ணிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. மொத்தக் கணக்குல "பயன்" அதிகமா இருக்கலாம். ஆனா அந்தப் பயன் யாருக்குப் போகுது, செலவு யார் தலையில விழுதுன்னு தனியா எழுதாத ஆய்வு அரைகுறை ஆய்வுதான். பரந்தூர்ல ஏகனாபுரம் மக்கள் 2022லேர்ந்து போராடறது எதுக்காக? ஊருக்கெல்லாம் வரப்போற லாபத்துக்கு விலை நாங்க மட்டும் ஏன் தரணும்ங்கற கேள்விக்காகத்தான்.

மாற்று வழி என்ன?

நல்ல ஆய்வு "மெட்ரோ வேணுமா, வேண்டாமா?"ன்னு மட்டும் கேட்காது. "இதே பணத்துல வேற என்ன பண்ணலாம்?"னு கேட்கும். 2017 கொள்கையும் மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டணும்னு சொல்லுது. ஓசூருக்கு மாற்று இல்லாம இல்லை. பையப்பனஹள்ளி–ஓசூர் ரயில் பாதையை இரட்டைப் பாதையாக்கற திட்டம் இருக்கு, சுமார் 48 கி.மீ. பெங்களூரு புறநகர் ரயிலோட ஒரு பாதை ஹீலலிகேயிலேர்ந்து கிளம்புது. அது சந்தாபுரா பக்கத்துலதான். பெங்களூரைச் சுத்தி வரப்போற சேட்டிலைட் டவுன் ரிங் ரோடு ஓசூர் பக்கம் தமிழ்நாட்டுக்குள்ளயும் நுழையுது. சரக்கு லாரிகள் ஊருக்குள்ள வராம போனாலே, இப்ப இருக்கிற பஸ் வேகமா போகும். இதெல்லாம் பிளக்ஸ் போர்டுல அழகா இருக்காது, ஆனா ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிற பயன் அதிகமா இருக்கலாம்.

கணக்கு ஒத்துவரலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கும் பக்கத்துலேயே உதாரணம் இருக்கு. கோவை, மதுரை மெட்ரோ திட்டங்களை 2025 நவம்பர்ல மத்திய அரசு திருப்பி அனுப்புச்சு. 2011 கணக்கெடுப்புப்படி 20 லட்சம் மக்கள்தொகை இல்லைங்கறது சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு. அது நியாயமான்னு தமிழ்நாடு கேட்ட கேள்வி சரியானதே. 14 வருஷம் பழைய எண்ணை வெச்சு வளர்ற ஊரை அளக்கலாமா? ஆனா நம்ம விஷயத்துக்கு வேண்டியது ஒண்ணுதான்: விரிவான திட்ட அறிக்கை வரைக்கும் போன திட்டம்கூடத் திரும்பி வரும்.

இப்ப உங்க 20 லட்சத்துக்கு வருவோம்

20 லட்சத்துக்கு ஒரு மனை. முத்திரைத்தாள் 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 1.8 லட்சம். மொத்தம் 21.8 லட்சம். இதே பணத்தை 7% வட்டிக்கு எப்.டி.யில போட்டா 8 வருஷத்துல சுமார் 37.5 லட்சம். வரியை ரெண்டு பக்கமும் இப்போதைக்கு விட்டுடுவோம்.

அப்படின்னா 8 வருஷத்துல அந்த மனை 37.5 லட்சத்துக்கு வித்தாத்தான் நீங்க எப்.டி.யோட சமம். அதுக்கு மேல போனாத்தான் லாபம். 10% வட்டிக்குக் கடன் வாங்கி வாங்கினா, 20 லட்சத்துக்கே 8 வருஷத்துல சுமார் 43 லட்சம் ஆகணும். "இரட்டிப்பு"ன்னு போர்டுல போட்டது நடந்தாலும், கடன் வாங்கினவருக்கு அது நஷ்டம்தான்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மெட்ரோவால மிச்சமாகற நேரத்தோட மதிப்பு எங்கே போய் சேருது? பெரும்பாலும் நிலத்து விலையில. அதனாலதான் "நேரம் மிச்சம் இவ்வளவு கோடி, நிலமதிப்பு உயர்வு இவ்வளவு கோடி"ன்னு ரெண்டையும் கூட்டற ஆய்வை நம்பாதீங்க. ஒரே பயனை ரெண்டு தடவை எண்றாங்க. வாங்கறவங்களுக்கு இதுல இன்னொரு செய்தியும் இருக்கு: அறிவிப்பு வந்த மறுநாளே விக்கிறவர் அந்தப் பயனை விலையில ஏத்திட்டார். வரப்போற மெட்ரோவுக்கான காசை இன்னிக்கே அவர்கிட்ட கொடுத்துட்டு, வராமப் போற ஆபத்தை நீங்க சுமக்கறீங்க. சிப்காட் பக்கம் வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு இன்னும் மோசம்: மெட்ரோ வரும் முன்னாடியே வாடகை ஏறிடும்.

வாங்கியே தீருவேன்னா, இதைப் பாருங்க

1. திட்டம் எந்தப் படியில இருக்கு? அறிவிப்பு, சாத்தியக்கூறு ஆய்வு, விரிவான திட்ட அறிக்கை, மத்திய அனுமதி, நிதி ஒப்பந்தம், நிலம் கையகப்படுத்தல், டெண்டர், வேலை. முதல் மூணு படி எல்லாமே காகிதம். டெண்டருக்கு அப்புறம் வாங்கினா விலை கூடத்தான் இருக்கும். ஆனா நீங்க கொடுக்கிற கூடுதல் காசு நிச்சயத்துக்கான விலை.

2. உங்க மனையே திட்டத்துக்குள்ள மாட்டுமா? 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி முதல்கட்ட அறிவிக்கை வந்துட்டா அந்த நிலத்தை விற்கவோ வாங்கவோ முடியாது. இழப்பீட்டுக்கு அடிப்படையா பார்க்கறது வழிகாட்டி மதிப்பையும் சுத்துவட்டாரத்துல பதிவான கிரயப் பத்திர விலைகளையும். நீங்க 20 லட்சம் கொடுத்து, பத்திரத்துல 8 லட்சம்னு எழுதியிருந்தா, பேசறது அந்த 8 லட்சம்தான். கறுப்புல கொடுத்த 12 லட்சத்துக்கு எந்தச் சட்டமும் சாட்சி சொல்லாது.

3. டிடிசிபி அனுமதி இருக்கா? 500 சதுர மீட்டருக்கு மேலயோ 8 மனைக்கு மேலயோ உள்ள லேஅவுட்னா ரெரா பதிவு எண் இருக்கா? வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் பார்த்தாச்சா? "ஏர்போர்ட் வந்தா எல்லாம் சரியாயிடும்"னு சொன்னா, எழுந்து வந்துடுங்க.

4. மெட்ரோவும் ஏர்போர்ட்டும் வரவே இல்லைன்னாலும் இந்த மனை உங்களுக்கு வேணுமா? அங்கே வீடு கட்டிக் குடியிருப்பீங்களா? தண்ணி வருமா? பஸ் நிக்குமா? "ஆமாம்"னா தைரியமா வாங்குங்க. ஓசூரோட வேலைவாய்ப்பு நிஜம், அது எந்த அறிவிப்பையும் நம்பி நிக்கல.

5. மொத்தச் சேமிப்பும் ஒரே மனையில முடங்காம பாருங்க. அவசரத்துக்கு மனையில கால்வாசியை மட்டும் உடைச்சு விக்க முடியாது.

கடைசியா ஒண்ணு

நான் மெட்ரோவுக்கோ ஏர்போர்ட்டுக்கோ எதிரி இல்லை. அத்திப்பள்ளி டோல்கேட்ல ஷிப்டு பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்து தினமும் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிற தொழிலாளிக்கு அந்த நேரம் திரும்பக் கிடைக்கணும். அதுக்கு விலை உண்டு, அந்த விலையைக் கணக்குல எழுதணும்னு சொல்றதுதான் இந்த ஆய்வுகளோட நியாயம். 1905ல பஞ்சத்துக்குத் தானியம் கொண்டுவர ரயில் போட்டவங்களும் டிக்கெட் கணக்கைத் தாண்டித்தான் யோசிச்சாங்க.

அரசு தப்பா கணக்கு போட்டா நஷ்டம் 8 கோடி பேருக்குப் பங்காகும். நீங்க தப்பா கணக்கு போட்டா நஷ்டம் உங்க வீட்டுக்கு மட்டும்தான். அதனால அடுத்த தடவை யாராவது "சார், ஏர்போர்ட் 15 நிமிஷம்"னு சொன்னா, மூணே மூணு கேள்வி கேளுங்க: எந்தப் படியில இருக்கு? யாரோட கணக்கு? வரலைன்னா இந்த மனைக்கு என்ன விலை?

பதில் சொல்ல முடியாதவர்கிட்ட அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

(இது பொதுவான விளக்கத்துக்காக எழுதினது, தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை அல்ல. பத்திரம் பதியறதுக்கு முன்னாடி ஒரு வழக்கறிஞர்கிட்ட ஆவணங்களைக் காட்டிடுங்க.)